இரண்டு மொழியா, இரண்டு அரை மொழியா?

சென்ற திங்கள் ஒரு மாலைப் பொழுதில் கிளைச் செயலாளர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். கரை வேட்டி, தோளிலே துண்டு, கையிலே மடித்த ஒரு தாள். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் அவருடைய ஊரில் மொழிப்போர் வீரர்களுக்கு வணக்கக் கூட்டம் நடைபெற்றது. நானும் சென்றிருந்தேன். நடராசனும் தாலமுத்துவும் 1939ஆம் ஆண்டில் சிறைப்பட்டு மாண்ட கதையை அவர் எடுத்துரைத்தபோது, கூட்டத்திலிருந்த முதியவர் ஒருவர் துண்டால் கண்களைத் துடைத்துக் கொண்டதை நான் பார்த்தேன். அத்தகைய பேச்சாளர்!

வந்தவர் தாளை நீட்டினார். "அண்ணே, மகளுக்கு நகரத்துப் பள்ளியிலே எல்.கே.ஜி. இடம் வேண்டும். ஆங்கில வழி. நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கிடைத்துவிடும்" என்றார். நான் அவரையே பார்த்துக் கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "சிரிக்காதீர்கள் அண்ணே! தமிழ் வாழ்க என்று சொல்ல நான் இருக்கிறேன். பிழைக்க அவளுக்கு ஆங்கிலம் வேண்டுமே!" என்றார்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு உரிமையும் இல்லை. கடிதம் கொடுத்தேனா இல்லையா என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேச விரும்புவது, அவர் தயக்கமின்றிச் சொன்ன அந்த ஒரு வாசகத்தைப் பற்றித்தான். தமிழ் மேடைக்கு, ஆங்கிலம் பிழைப்புக்கு! நம்மிலே பலருடைய உள்ளத்தில் ஒளிந்து கிடக்கும் எண்ணம் இது. அவர் வாய்விட்டுச் சொன்னார்; நாம் சொல்லாமல் செய்கிறோம். வேறுபாடு அவ்வளவே.

1968ஆம் ஆண்டின் ஜனவரித் திங்களை நாம் மறப்பதில்லை. அத்திங்கள் 23ஆம் நாள், அறிஞர் அண்ணா முதலமைச்சராக வீற்றிருந்த சட்டமன்றத்தில், மும்மொழித் திட்டத்தைத் தள்ளித் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே நம் பள்ளிகளில் என்ற தீர்மானம் நிறைவேறிற்று. 1938இல் தொடங்கி 1965இல் கொழுந்துவிட்டு எரிந்த போராட்டத்தின் பயன் அது. ஆனால் அதே ஜனவரியின் 2ஆம் நாள், உலகத்தின் மறுகோடியில் மற்றொரு கையெழுத்து விழுந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அன்று இருமொழிக் கல்விச் சட்டத்துக்கு ஒப்பமிட்டார். மூன்றே வாரங்கள் இடைவெளி! அங்கும் இரண்டு மொழி. இங்கும் இரண்டு மொழி.

ஜான்சன் யார்? இளமையில், 1928ஆம் ஆண்டில், டெக்சாஸ் மாநிலத்தின் கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிக்க ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். வீட்டிலே ஸ்பானிய மொழி பேசி, காலை உணவில்லாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகள். பள்ளி வளாகத்தில் ஆங்கிலமே பேசவேண்டும் என்று அவர்களைக் கடிந்து நடத்தியவர் அவர். அந்தக் கைதான் நாற்பதாண்டு கழித்து, பிள்ளைகளின் வீட்டு மொழியைப் பள்ளிக்குள் அழைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டது! மனம் மாறினாரோ, வாக்குக் கணக்குப் பார்த்தாரோ, அது அவர் நாட்டார் ஆராய வேண்டியது. நமக்கு வேண்டியது அதன்பின் நடந்த கதை. அதை நீட்டிச் சொல்லப் போகிறேன், பொறுத்துக் கேளுங்கள். ஏனெனில் அவர்கள் பட்டுத் தெளிந்ததை நாம் படாமலே தெளிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ என்பது பெரும் துறைமுக நகரம். சீனத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல அங்கே உண்டு. 1970களின் தொடக்கத்தில், அந்நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன மாணாக்கர் 2,800க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு மட்டும் தனியாக ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. எஞ்சிய 1,800 பேர்? மற்றவர்களோடு ஒரே வகுப்பில், ஒரே பலகையில், ஒரே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தனர், ஒன்றும் விளங்காமல்! பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். பள்ளி நிருவாகம் கூறிய விடை என்ன தெரியுமா? "நாங்கள் யாருக்கும் வேற்றுமை காட்டவில்லை. எல்லாருக்கும் ஒரே பாடந்தான் நடத்துகிறோம்." கேட்பதற்கு எத்துணை நியாயம்!

வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. லாவ் எதிர் நிக்கல்ஸ் என்பது அதன் பெயர். 1974ஆம் ஆண்டு ஜனவரியில் நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாக மாணாக்கர் பக்கம் நின்றனர். ஒரே கட்டடமும் ஒரே நூலும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டதனாலேயே சமத்துவம் வந்துவிடாது. மொழி விளங்காதவனுக்குப் பள்ளியின் கதவு திறந்திருந்தும் கல்வியின் கதவு அடைபட்டே கிடக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சமமற்றோரைச் சமமாக நடத்துவது சமத்துவம் ஆகாது என்று இட ஒதுக்கீட்டு மேடைகளில் நாம் சொல்கிறோமே, அதையேதான் அவர்கள் மொழிக்குச் சொன்னார்கள்.

தீர்ப்பு வந்தது, திட்டம் நடந்தது. நன்றாக நடந்ததா? எல்லா இடங்களிலும் இல்லை. இதை மறைப்பது நமக்கு அழகல்ல. இரு மொழியும் கற்ற ஆசிரியர்கள் போதவில்லை. நூல்கள் போதவில்லை. பெயருக்கு இருமொழி வகுப்பு என்று வைத்து, பிள்ளைகளை ஆண்டுக் கணக்கில் அங்கேயே கிடத்திய பள்ளிகளும் இருந்தன. பெற்றோர் மனம் புழுங்கினர். அந்தப் புழுக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார் ஒரு மென்பொருள் வணிகர். ரான் அன்ஸ் என்று பெயர். "பிள்ளைகளுக்கு ஆங்கிலம்!" என்பது அவர் எழுப்பிய முழக்கம். முழக்கத்தின் திறமையைக் கவனியுங்கள், தோழர்களே! யார் மறுக்க முடியும்? பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? "தாய்மொழியில் கற்பிப்பதனால்தான் ஆங்கிலம் வரவில்லை. அதை நிறுத்துங்கள். ஓராண்டு ஆங்கிலத்திலேயே அமிழ்த்துங்கள். அதன்பின் எல்லாரோடும் ஒரே வகுப்பில் உட்கார வையுங்கள்" என்றார். 1998ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கலிபோர்னிய மக்கள் இதன்மீது வாக்களித்தனர். 227ஆம் முன்மொழிவு. ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அம்மாநிலத்தில் அப்போது ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த பிறமொழிப் பிள்ளைகள் சுமார் 14 இலட்சம் பேர்! அவர்களுள் தாய்மொழி உதவியோடு படித்தவர்கள் அன்றும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவே. அதாவது, எந்த மருந்தினால் நோய் வந்தது என்று குற்றஞ்சாட்டினாரோ, அந்த மருந்தைப் பெரும்பாலோர் அருந்தியதே இல்லை!

ஓராண்டில் வந்ததா ஆங்கிலம்? மாநில அரசே ஏற்பாடு செய்த ஐந்தாண்டு மதிப்பீடு 2006இல் வெளிவந்தது. இந்த முறை சிறந்தது, அந்த முறை தாழ்ந்தது என்று அறுதியிட்டுக் கூற இயலவில்லை என்றது. அதனோடு மற்றொன்றையும் சொன்னது: பத்தாண்டு படித்த பின்னரும், ஆங்கிலத்தில் தேர்ந்தவர் என்று அறிவிக்கப்படும் வாய்ப்பு நாற்பது விழுக்காட்டுக்கும் குறைவு! ஓராண்டு என்றாரே வணிகர்? பத்தாண்டாயிற்று. கடையைக் கட்டிக்கொண்டு அவர் அரிசோனாவுக்கும் மாசசூசெட்சுக்கும் போய் அதே சரக்கை விற்றுவந்தார்.

2016ஆம் ஆண்டு நவம்பரில் அதே கலிபோர்னிய மக்கள் மீண்டும் வாக்களித்தனர். 58ஆம் முன்மொழிவு. 73 விழுக்காட்டினர், பழைய தடையைத் தூக்கி எறிந்தனர். இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. இடைப்பட்ட காலத்தில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வசதி படைத்த குடும்பத்தார், தம் பிள்ளைகள் ஸ்பானியமும் சீனமும் கற்க இருமொழிப் பள்ளிகளில் இடம் கேட்டு வரிசையில் நின்றார்கள்! செல்வர் வீட்டுப் பிள்ளை இரண்டு மொழி பேசினால் அது செல்வம். கூலி வேலைக்காரன் பிள்ளை இரண்டு மொழியோடு வந்தால் அது குறை. உலகெங்கும் இப்படித்தான் கணக்கு எழுதுகிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

அங்கே ஆணை போட்டுப் பிள்ளைகளின் தாய்மொழியைப் பறித்தார்கள். இங்கே ஆணை எதுவும் இல்லை. ஆசையாலே நாமே கொடுத்துவிட்டு வருகிறோம், அதற்குக் கட்டணமும் கட்டி! 1970களின் பிற்பகுதி வரை பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் இருந்த மெட்ரிகுலேசன் பள்ளிகள் எண்ணிக்கையில் மிகச் சிலவே. இன்று அவை இல்லாத பேரூர் உண்டா? 1999ஆம் ஆண்டு நவம்பரில், தொடக்க வகுப்புகளில் தமிழோ தாய்மொழியோ பயிற்று மொழியாக இருக்கவேண்டும் என்று ஓர் அரசாணை பிறந்தது. மறு ஆண்டே சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. கன்னடத்துக்காகக் கருநாடகம் எடுத்த முயற்சியையும் 2014ஆம் ஆண்டு மே திங்களில் உச்சநீதிமன்றம் வீழ்த்தியது; பயிற்று மொழியைத் தேர்ந்துகொள்வது பெற்றோரின் உரிமை என்றது. சரி, சட்டத்தாலே இது ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளிகளிலேயே 2012–13ஆம் கல்வியாண்டு முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டனவே, அது எந்த நீதிமன்றம் இட்ட ஆணை? எவரும் இடவில்லை. தனியார் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளை நிறுத்தப் பலகையை மாற்றினோம். பல ஊர்களில் நாம் காண்பது என்ன? ஓரறை. ஒரே ஆசிரியர். இடப்பக்கம் தமிழ் வழி, வலப்பக்கம் ஆங்கில வழி. ஆசிரியர் பேசுவது தமிழ். வலப்பக்கத்துப் பிள்ளைகளின் கையிலுள்ள புத்தகம் மட்டும் ஆங்கிலம்.

பாடமாவது வேறா? அதுவும் இல்லை. 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டத்துக்குப் பின், மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் அனைத்துக்கும் பாடம் ஒன்றே. அதே அறிவியல், அதே கணக்கு, அதே படங்கள். மொழி மட்டும் மாறுகிறது. மொழி மாறும்போது குழந்தையின் தலைக்குள் என்ன மாறுகிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

வகுத்தல் கணக்கு. தமிழில் படிக்கும் குழந்தை 'மீதி' என்ற சொல்லைப் பள்ளிக்கு வரும் முன்பே அறியும். "கடைக்குப் போய் உப்பு வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையைப் பத்திரமாகக் கொண்டு வா" என்று தாய் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லோடு ஒரு கடை இருக்கிறது, ஒரு நாணயம் இருக்கிறது, தொலைத்தால் விழும் குட்டும் இருக்கிறது! ஆசிரியர் பலகையில் 'மீதி' என்று எழுதியவுடன் குழந்தைக்குக் கணக்கில் பாதி விளங்கிவிடும். ஆங்கில வழிக் குழந்தைக்கு 'ரிமெயிண்டர்'. அதனோடு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. எழுத்துக் கூட்டுவதே ஒரு பாடு. இலை வெயிலைச் சேர்த்து உணவாக்கும் வித்தையை 'ஒளிச்சேர்க்கை' என்கிறோம். சொல்லைப் பிரித்தால் பாடமே அதற்குள் இருக்கிறது. 'போட்டோசிந்தசிஸ்' என்பதும் கிரேக்கம் அறிந்தவனுக்கு அப்படியே விளங்கும். நம் ஊர்ப் பிள்ளை கிரேக்கத்தில் பிறக்கவில்லையே! அது என்ன செய்கிறது? மனப்பாடம் செய்கிறது. விடையை வரிக்கு வரி ஒப்பிக்கிறது. "அப்படியென்றால் என்னம்மா?" என்று கேளுங்கள், உங்கள் முகத்தைப் பார்க்கும். விருந்தினர் முன்னிலையில் அந்த ஒப்பித்தலைக் கேட்டுத் தந்தை பூரிக்கிறார். பிள்ளை ஆங்கிலம் பேசுகிறது என்று எண்ணிவிடுகிறார், பாவம்!

பிள்ளை பேசுவது ஆங்கிலமும் அன்று. எழுதுவது தமிழும் அன்று. பத்து ஆண்டு பணம் கட்டியும் ஒரு பக்கம் ஆங்கிலக் கடிதம் எழுத நடுங்குகிற இளைஞனை, தாத்தாவுக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதவும் இயலாத அதே இளைஞனை, உங்கள் தெருவில் நீங்கள் கண்டதில்லையா? அவனிடம் இருப்பது இரண்டு மொழி அன்று. இரண்டு அரை மொழி. 1968இல் நாம் கேட்டது இதுவா?

"ஏட்டுச் சுரைக்காய் பேசாதே! கனடாவிலே வேற்றுமொழியில் முழுக்கப் படித்த பிள்ளைகள் வெற்றி பெற்றதாகச் சொல்கிறார்களே" என்று கற்றறிந்த நண்பர்கள் கேட்பர். உண்மை. 1965ஆம் ஆண்டு மாண்ட்ரியால் நகரை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலேயக் குடும்பத்துச் சிறுவர்களை மழலை வகுப்பு முதலே பிரெஞ்சில் படிக்க வைத்தார்கள். பிரெஞ்சும் வந்தது, ஆங்கிலமும் கெடவில்லை. ஏன் கெடவில்லை? அந்தச் சிறுவனின் வீட்டில் ஆங்கிலம், தெருவில் ஆங்கிலம், வானொலியில் ஆங்கிலம், தந்தையின் அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டு அலமாரி நிறைய ஆங்கில நூல்கள்! அரண்மனையில் பிறந்தவன் பக்கத்து ஊருக்குச் சுற்றுலா போனான். திரும்பி வந்தால் அரண்மனை அப்படியே இருந்தது. குடிசைக்காரனை ஊரைவிட்டு வெளியேற்றிவிட்டு, "நீயும் சுற்றுலா போய் வா" என்பதா? இந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்னவரே அந்தப் பள்ளியை ஆராய்ந்த வாலஸ் லாம்பர்ட் என்ற அறிஞர்தாம். ஒரு மொழியோடு மற்றொன்று சேர்வது வேறு. ஒன்றைக் கழித்துவிட்டு மற்றொன்று வருவது வேறு என்று பிரித்துக் காட்டினார். அவருடைய பள்ளியைச் சான்று காட்டுவோர் அவருடைய எச்சரிக்கையைப் படிப்பதில்லை.

நம் நிலைக்கு நெருங்கிய சான்று வேண்டுமா? நைஜீரியாவைப் பாருங்கள். நம்மைப் போலவே ஆங்கிலேயனிடம் அடிமைப்பட்டு விடுபட்ட நாடு. 1970ஆம் ஆண்டு, இபே பல்கலைக்கழகத்தில் பபூன்வா என்ற கல்வியாளரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனையைத் தொடங்கினர். ஆறாண்டுத் தொடக்கக் கல்வி முழுவதையும் யொரூபா மொழியில், அதாவது பிள்ளைகளின் தாய்மொழியில் நடத்தினர். ஆங்கிலத்தை விட்டார்களா? இல்லை. அதைத் தனிப் பாடமாக வைத்து, அதற்கென்றே தேர்ந்த ஆசிரியரிடம் ஒப்படைத்தனர். மற்றொரு கூட்டத்துப் பிள்ளைகள் வழக்கம்போல மூன்றாண்டு யொரூபா, பிறகு ஆங்கில வழி. ஆறாண்டு கழித்துப் பார்த்தபோது, தாய்மொழியில் படித்தவர்கள் கணக்கிலும் அறிவியலிலும் முந்தி நின்றனர், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை! ஏழைநாடு, எளிய பள்ளிக்கூடம், நம்மைப் போன்ற கறுத்த பிள்ளைகள். அங்கே முடிந்தது.

இதற்குக் காரணம் மந்திரமன்று. டொரண்டோவில் இருக்கும் ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் விளக்கினார்: விளையாட்டுத் திடலில் பேசும் அளவுக்கு ஒரு புதுமொழியைப் பிள்ளைகள் இரண்டு ஆண்டில் பிடித்துக் கொள்வர், பாடம் படித்துப் பொருளுணரும் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். முதல் மொழியில் படித்துணரக் கற்ற திறன் இரண்டாம் மொழிக்கும் தானே வந்து உதவும். மிதிவண்டி ஓட்டக் கற்றவன் வேறு வண்டி வாங்கினால் மீண்டும் விழுந்து எழுந்து கற்பதில்லை. ஓட்டவே தெரியாதவனை மலைப்பாதையில் ஏற்றிவிட்டால் என்ன ஆவான்? பின்லாந்திலும் நெதர்லாந்திலும் தத்தம் மொழியிலேயே பாடம் படித்து, ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்றவர்கள்தாம் உலக மன்றங்களில் தங்குதடையின்றி ஆங்கிலம் பேசுகிறார்கள்.

இங்கே மும்மொழிக்காரர் குறுக்கிடுவார். "இரண்டையே சரியாகக் கற்பிக்க முடியவில்லை என்று நீயே ஒப்புக்கொள்கிறாய். மூன்றாவதை ஏற்றால் என்ன?" என்பார். இரண்டு குடம் சுமந்து தள்ளாடுகிறவன் தலையில் மூன்றாவதையும் வைத்தால் நேராக நடப்பான் என்ற ஆராய்ச்சி எங்கே நடந்ததோ! 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய மக்களுள் இரண்டு மொழி அறிந்தவர் சுமார் 26 விழுக்காடு. மூன்று மொழி அறிந்தவர் 7 விழுக்காட்டளவே. 1968ஆம் ஆண்டு முதல் மும்மொழித் திட்டம் தேசியக் கொள்கை. அரை நூற்றாண்டு நட்டு வளர்த்த மரத்தின் காய் இது. வடக்கே எத்தனை பள்ளியில் தமிழோ தெலுங்கோ மூன்றாம் மொழியாயிற்று? பெரும்பாலும் சமற்கிருதத்தை வைத்துக் கணக்கை முடித்தார்கள். போச்புரி பேசுகிற ஐந்து கோடிப் பேரை இந்திக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளையும் பள்ளியில் தன் வீட்டு மொழியைக் காண்பதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த திட்டத்தில் ஒப்பமிடவில்லை என்று, 2024–25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு நிறுத்தப்பட்டதும், மாநிலம் 2025 மே திங்களில் உச்சநீதிமன்றம் சென்றதும் உங்களுக்குத் தெரியும். அதே ஆண்டில் மராட்டிய மாநிலத்தில் முதல் வகுப்பு முதலே இந்தியை மூன்றாம் மொழியாக்க முனைந்து, மக்கள் சினங்கண்டு ஜூன் இறுதியில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். இதைப் பற்றி நம் ஏட்டில் நிறைய எழுதியாயிற்று. இன்றைக்கு என் சண்டை அவர்களோடு அன்று. நம்மோடு.

நம்மோடு என்பதால் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களுள் சிலருக்குக் கசக்கும். திருப்பூருக்குப் போய்ப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளியில் உட்கார்ந்திருக்கின்றன, தமிழ்ப் புத்தகத்தை வெறித்துப் பார்த்தபடி. நீலகிரியில் இருளர் வீட்டுக் குழந்தை, தோடர் வீட்டுக் குழந்தை முதல் வகுப்பில் கேட்கும் தமிழ், அதன் தாய் பேசிய மொழி அன்று. சான் பிரான்சிஸ்கோவில் அந்தச் சீனப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பலகையில் இங்கே இவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் கற்கட்டும், கட்டாயம் கற்கட்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டம் அதற்குத்தான். ஆனால் முதல் ஓரிரண்டு ஆண்டு அந்தக் குழந்தையின் மொழியில் "பசிக்கிறதா?" என்று கேட்க ஒருவராவது அந்தப் பள்ளியில் இருக்க வேண்டாமா? நமக்கு ஒரு நீதி, நம்மிடம் வந்தவனுக்கு ஒரு நீதி என்றால், டெல்லியைப் பார்த்துக் கைநீட்ட நமக்கு என்ன தகுதி?

மிகக் கடினமான கேள்வியை நான் தட்டிக் கழிக்கவில்லை. கிளைச் செயலாளர் அதையும் கேட்டார். "தலைவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த வழியிலே படித்தார்கள் அண்ணே? என் மகள் மட்டுந்தான் தமிழைக் காப்பாற்ற வேண்டுமா?" என்று.

அந்தக் கோபம் நியாயமானது. ஆங்கிலம் இந்நாட்டில் வேலைக்குச் சீட்டு. நீதிமன்றத்தில், மருத்துவமனையில், பெரிய நிறுவனத்தில் கதவைத் திறக்கும் சாவி. அந்தச் சாவி எனக்கு வேண்டாம் என்று எந்த ஏழையும் சொல்லக்கூடாது. நானும் சொல்லச் சொல்லவில்லை. என் வழக்கு இதுதான்: அவருக்கு விற்கப்படுவது சாவி அன்று, சாவியின் படம்! செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் பள்ளியால் மட்டும் வரவில்லை. வீட்டால் வந்தது, நூல்களால் வந்தது, பேசுவதற்கு ஆள் இருந்ததால் வந்தது. நம் பிள்ளைக்குக் கிடைப்பது பள்ளியின் பெயர்ப்பலகை, கழுத்துப்பட்டை, கட்டண இரசீது. ஆங்கிலத்தில் எழுதிய அறிவியல் புத்தகத்தைக் கொடுத்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்பது, ஆற்றைப் பற்றிய பாட்டைக் கேட்டால் நீந்த வரும் என்பது போன்றது.

ஆகவே நாம் ஆங்கிலத்துக்காகவும் போராட வேண்டியிருக்கிறது, தோழர்களே! வியப்பாக இருக்கிறதா? இருமொழிக் கொள்கையில் இரண்டாம் மொழியும் நம் மொழிதான். அதை நாம் எப்படிக் கற்பித்து வைத்திருக்கிறோம்? முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் பாடமாக இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு! ஒரு மனிதன் ஒரு மொழியைக் கரைத்துக் குடிக்கப் போதுமான காலம். ஆனால் பாடத்தில் உள்ள வினாவுக்கு உள்ள விடையை எழுதிப் போட்டு மனப்பாடம் செய்வதே கற்பித்தல் என்று நடக்கிறது. தேர்வின் பெரும் பங்கு எழுத்துக்கே போகிறது. பிள்ளையின் வாய்க்கும் செவிக்கும் வேலை இல்லை. தொடக்கப்பள்ளியில் எல்லாப் பாடமும் எடுக்கும் ஆசிரியரே ஆங்கிலமும் எடுக்கிறார். அவரே ஆங்கிலம் பேசிப் பழகாதவர். அவரைக் குறை கூறி என்ன பயன்? அவரும் இதே பள்ளியில்தான் படித்தார்.

வட்டந்தோறும் நம் தோழர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கிறார்கள். சுவரொட்டி ஒட்டுவதற்கு நாம் காட்டும் முனைப்பில் பத்தில் ஒன்றை அங்கே காட்டலாம். ஆங்கிலத்துக்கென்று பயின்ற ஆசிரியர் ஒருவர், தொடக்கப்பள்ளி நான்கைந்துக்கு ஒருவராகவேனும், வாரத்தில் சில நாள் வந்து பிள்ளைகளோடு பேசவேண்டும் என்று கேளுங்கள். பாடப் புத்தகம் தவிர, படம் போட்ட எளிய ஆங்கிலக் கதை நூல்கள் நூறு அந்தப் பள்ளியில் இருக்கின்றனவா, இருந்தால் பூட்டிய பீரோவுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணக்கும் அறிவியலும் தமிழிலேயே விளங்கச் சொல்லிக் கொடுக்கப்படுகின்றனவா என்று ஒரு நாள் வகுப்பின் பின்பலகையில் உட்கார்ந்து கேளுங்கள். 2010ஆம் ஆண்டின் சட்டப்படி, தமிழ் வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. இது உங்கள் தெருவில் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். கிளைச் செயலாளருக்கே முழுமையாகத் தெரியவில்லை!

கடிதம் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். கொடுத்தேன்.

இவ்வளவும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே சொன்னார். அவருடைய ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். அவர்களுள் ஒருவர் பயிற்சி, கணக்கெடுப்பு என்று அந்தத் திங்களில் பாதி நாள் பள்ளியிலேயே இல்லை. அந்தப் பெண்குழந்தையை அங்கே அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாயிற்படி வரை போனவர் திரும்பி நின்று, "மூன்றாவது ஆசிரியர் கேட்டு ஊரார் மனு எழுதினால் நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா அண்ணே?" என்றார். முதல் கையெழுத்தே என்னுடையதாக இருக்கும் என்றேன். மனு இன்னும் என் மேசைக்கு வந்து சேரவில்லை.